பதினொன்றாம் இடத்துக் கார்

நீங்கள் பார்க்கப்போகும் காரை நீங்கள் ஒருநாளும் தொடமாட்டீர்கள். அது ஐரோப்பாவிலோ அரபு நாட்டிலோ பிரேசிலிலோ ஓடும். நீங்கள் சுண்டிக்குளியில், ஒரு பழைய கல்வீட்டின் மேல்மாடியில் இருந்து அதன் எண்களைப் பார்ப்பீர்கள். அங்கே கார் ஒரு வளைவில் திரும்பினால் இங்கே உங்கள் திரையில் ஒரு கோடு எழும்பி விழும். போன சுற்றில் விழுந்த மாதிரியே இந்தச் சுற்றிலும் விழுகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. வித்தியாசமாக விழுந்தால் அதைச் சொல்லவேண்டும். பார்ப்பதற்கு உங்களுக்கு ஒரு மாதம் பயிற்சி தருவார்கள். சொல்வதற்கு ஒருவரும் பயிற்சி தரமாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்களைப் பார்க்கும் இந்த மேசையைத் தொடங்கியவள் நான். இங்கிலாந்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார்ப் பந்தய அணிகளில் பொறியியலாளராக இருந்தேன். அம்மாவின் கடைசிக் காலத்துக்கென்று யாழ்ப்பாணம் வந்தவள் பிறகு திரும்பிப் போகவில்லை. அங்கே எனக்கு மேலே இருந்தவர் அப்போது ஒரு நடுத்தர அணியின் தலைமைப் பொறியியலாளராகியிருந்தார். போட்டி நேரத்தில் காரின் எண்களைப் பார்க்க ஆட்கள் வேண்டும், ஊரில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அப்படித்தான் மேசை வந்தது. அந்த அணி இன்று இல்லை. மேசை இருக்கிறது. புது அணிக்காக நீங்கள் வருகிறீர்கள்; நான் போன மாதத்தோடு விலகிவிட்டேன்.

இங்கிலாந்தில் என் முதல் வருடத்தில், எனக்கு மேலே இருந்த அந்த மனிதரிடம் வாங்கிய பேச்சை முதலில் சொல்கிறேன். ஒரு பரீட்சார்த்த ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பதாக எனக்குப் பட்டது. உறுதியாகத் தெரியட்டும் என்று பின்னேரம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். இயந்திரம் உருகிப் போனது. அவர் கத்தவில்லை. “சந்தேகத்தை நீ என்னிடம் தந்துவிட்டால் அதை என்ன செய்வதென்று நான் பார்த்துக்கொள்வேன். உன்னிடமே வைத்திருந்தால் ஒருவராலும் ஒன்றும் செய்ய ஏலாது” என்றார். அவரோடு வேலை செய்த அத்தனை வருடமும் நான் தந்த சந்தேகங்களில் பாதிக்கு மேல் பிழை. ஒருநாளும் அதற்காக என்னை முறைத்துப் பார்த்ததில்லை. தலைமை என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். அப்படியான தலைமை எவ்வளவு அரிது என்பது பிறகுதான் தெரிந்தது.

இனிக் காரின் கதை. அணிக்கு இரண்டு கார்கள்; ஒன்று எங்கள் பொறுப்பு. முதல் பத்து இடத்துக்குத்தான் புள்ளிகள். அணியின் கடைசி வருடத்தில் எங்கள் கார் முதல் போட்டியில் பதினொன்றாவதாக வந்தது. அடுத்ததில் பன்னிரண்டு. அதற்கடுத்து மறுபடியும் பதினொன்று. பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தர்சினி எங்கள் பக்கத்துக் குரல். இங்கிலாந்தோடு ஒலித்தொடர்பில் கதைப்பது அவள்தான். அவள் காருக்குப் ‘பதினொண்டு’ என்று பெயர் வைத்தாள். “பதினொண்டு இண்டைக்கு எப்பிடி?” என்றுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை தொடங்கும்.

நடுவில் ஓடும் காரை ரீவி காட்டாது. முன்னுக்கு ஓடுபவர்களைக் காட்டுவார்கள், கடைசியில் தடுமாறுபவர்களைச் சிரிப்புக்காகக் காட்டுவார்கள். எங்கள் கார் ரீவியில் வந்தால் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் நாங்கள் அதைக் கோடுகளாக மட்டுமே அறிந்திருந்தோம். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி மாலைப் பூசைக்கு எழும்பும்போது, தர்சினி காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருப்பாள். கார் சக்கரம் மாற்ற நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில் பிட் என்பார்கள். “பிட்டுக்குப் போறாராம். சம்பலும் வைச்சிருக்கினமோ தெரியேல்லை” என்று அவள் ஒவ்வொரு முறையும் சொல்வாள். ஒவ்வொரு முறையும் சிரிப்போம். அந்த வருடத்தில் நாங்கள் சிரித்தது அவ்வளவுதான்.

ஓட்டுநர் முப்பது கடந்தவர், அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் இல்லாதவர். ஆனாலும் போட்டி முடிந்ததும் எங்களுக்குத் தனியாக நன்றி சொல்வார். தர்சினியிடம் கேட்டு, ஆமாம் என்பதற்கு எங்கள் ‘ஓம்’ என்ற சொல்லைப் பழகிக்கொண்டு, பொறியியலாளர் எது கேட்டாலும் “ஓம்” என்று பதில் சொல்லத் தொடங்கினார். அவர் தியானம் பழகுகிறாராக்கும் என்று வர்ணனையாளர் ஒருவர் சொன்னபோது மேசை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ஓம், அதையும் சேர்த்தால் இரண்டு சிரிப்பு.

பின் சக்கரங்களைப் பார்த்தவன் ரெஜி. குருநகர் பிள்ளை, தகப்பன் மீன்பிடி. இருபத்தைந்து வயது. பொறியியல் படித்துவிட்டு வந்தவன், அதிகம் கதைக்கமாட்டான். சித்திரையில் நடந்த ஒரு போட்டியில் இங்கே கரண்ட் போனது. ஜெனரேற்றர் உடனே பிடித்துக்கொண்டது. திரைகளெல்லாம் திரும்பி வந்தன. தர்சினி வரிசையாகக் கேட்டாள். எல்லோரும் “சரி” என்றார்கள். அன்றைக்கு இயந்திரத்தின் நீர் வெப்பத்தையும் பார்த்த ரெஜியும் “சரி, ஒரு பிரச்சினையும் இல்லை” என்றான். அவன் திரை மட்டும் கரண்ட் போன நேரத்து எண்களோடு உறைந்து நின்றது. அந்த எண்கள் நல்ல எண்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு எங்கள் கார் ரீவியில் வந்தது, புகையோடு.

தலைமைப் பொறியியலாளர் அடுத்த நாள் திரையில் அவனோடு நேரே கதைத்தார். “ஓடுகிற காரில் எந்த எண்ணும் சும்மா நிற்காது. நின்றால் நீ பார்ப்பது காரை அல்ல” என்று சொல்லிவிட்டு, “இது எனக்கும் நடந்திருக்கிறது” என்றும் சொன்னார். ரெஜிக்கு அந்த இரண்டாவது வசனம் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். அடுத்து வந்த போட்டிகளில் மூன்று முறை “ஏதோ வித்தியாசமாய் இருக்கு” என்று சொன்னான். மூன்று முறையும் ஒன்றுமில்லை. ஒருமுறை அதற்காகக் காரை உள்ளே கூப்பிட்டு இரண்டு இடம் இழந்தார்கள். இங்கிலாந்தில் சிலர் முணுமுணுத்தார்கள். “சொல்லட்டும், விடுங்கள்” என்றார் தலைமைப் பொறியியலாளர்.

பிறகு அந்த மழைப் போட்டி. முன்னுக்கு ஓடியவர்கள் வழுக்கி ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் எங்கள் கார் ஓரிரு இடம் முன்னேறியது. கடைசிக் கட்டத்தில் ஆறாம் இடம். அந்த அணி வருடக்கணக்காகப் பார்க்காத இடம். அணியை விற்கப்போகிறார்கள் என்ற கதை அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு நல்ல முடிவு வந்தால் வைத்திருப்பார்கள் என்றும் கதை. ரீவி எங்கள் காரைக் காட்டியது, ஒரு பிழையும் இல்லாமல், மழைத்தண்ணீரைப் பின்னால் சுவராக எழுப்பிக்கொண்டு. கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு மேலே வந்து வாசலில் நின்றார். தர்சினி அழுதுகொண்டே கதைத்தாள்.

“மிஸ், இங்கை ஒருக்கா வாங்கோ” என்றான் ரெஜி.

போனேன். இடப்பக்கப் பின் சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் தண்டு ஒன்று இருக்கிறது. அதன் கோட்டைக் காட்டினான்.

“கரையிலை ஏறி இறங்கேக்கை கோடு பழைய இடத்துக்கு வருதில்லை மிஸ். கொஞ்சம் மிச்சம் நிக்குது.”

“மழையிலை சென்சர் நனைஞ்சிருக்கும்.”

“இருக்கலாம்.”

“நீ என்ன நினைக்கிறாய்?”

அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தான். கார் வளைவின் ஓரத்தில் உயர்ந்திருக்கும் அதே கரையில் ஏறி இறங்கியது. “கூடுது மிஸ்” என்றான்.

தர்சினி திரும்பிப் பார்த்தாள். “ரெஜி, உனக்கென்ன விசரே? இன்னும் கொஞ்சம்தானே கிடக்கு! இப்ப போய்…”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையே, தர்சினி?” என்றான்.

நான் தர்சினியின் காதுக்கருவியை வாங்கிப் போட்டுக்கொண்டு இங்கிலாந்தைக் கூப்பிட்டேன். கண்டதைச் சொன்னேன்.

“உறுதியா?” என்றார் தலைமைப் பொறியியலாளர்.

“இல்லை.”

“எவ்வளவு?”

“பாதிக்குப் பாதி.”

“என் இடத்தில் நீ இருந்தால்?”

“நிறுத்துவேன்” என்றேன்.

அவர் காரை உள்ளே கூப்பிட்டார். ஓட்டுநர் ஏன் என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். வந்தார். ரீவி அவரைக் காட்டியது. இயந்திரத்தை அணைத்தபிறகும் இருக்கையை விட்டு எழும்பாமல், தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருந்தார். கீழ்வீட்டுக்காரர் படியிறங்கிப் போனார்.

தண்டைக் கழற்றி ஆய்வுக்கு அனுப்பினார்கள். மயிர் மாதிரி ஒரு கோடு இருந்தது. ஒரு ஆய்வுகூடம் அது வெடிப்பின் தொடக்கம் என்றது. இன்னொன்று, கழற்றும்போது கருவி பட்ட கீறல் என்றது. இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்கள் சரியாகச் செய்தீர்கள் என்று இந்தத் தொழிலில் ஒருவரும் உங்களுக்கு வந்து சொல்லப்போவதில்லை. நடக்காமல் போன விபத்தைக் கையில் எடுத்துக் காட்டமுடியாது. இழந்த ஆறாம் இடத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தக் கிழமையே உரிமையாளர்களின் பிரதிநிதி ஒருவர் திரையில் வந்தார். நல்ல மரியாதையான மனிதர். “முதலில் சொன்னவர் யார்?” என்று கேட்டார். இங்கிலாந்துக்குச் சொன்னது நான் என்றேன். “அது தெரியும். முதலில் கண்டவர்?” என்றார். ரெஜி எழுந்து நின்று “நான்” என்றான். அவர் அவனை ஒரு கணம் பார்த்தார். “இதற்கு முன்னும் மூன்று முறை நீங்கள்தானே?” என்றார். ஏசவில்லை. அவ்வளவுதான் கேட்டார். ரெஜி உட்கார்ந்தான்.

பிறகு புது விதி வந்தது. மேசையில் காணும் எதையும் உறுதி, அனேகமாக, சந்தேகம் என்று மூன்றாகப் பிரிக்கவேண்டும். ‘உறுதி’ மட்டும்தான் போட்டி நேரத்தில் தலைமைப் பொறியியலாளருக்குப் போகும். மற்றவை போட்டி முடிந்தபின். நான் எதிர்த்தேன். தலைமைப் பொறியியலாளர் என்னைவிடக் கடுமையாக எதிர்த்தார். அவரை ஆவணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னை அழைத்து, “நீ சொன்னாய், நிறுத்தியது நான். அந்தப் பையனுக்கு அதைத் திருப்பித் திருப்பிச் சொல்” என்றார். சொன்னேன். எத்தனையோ தரம் சொன்னேன்.

பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு இதையும் சொன்னேன்: “விதி என்னவாயும் இருக்கட்டும். கண்டதை எனக்குச் சொல்லுங்கோ. மேலை அனுப்புறது என்ரை பாடு. வேலை போனாலும் என்ரை வேலைதான் போகும்.”

“ஓம் மிஸ்” என்றார்கள். ரெஜியும் சொன்னான்.

அதற்குப்பிறகு ரெஜி ஒன்றும் சொல்லவில்லை. நேரத்துக்கு வந்தான், நேரத்துக்குப் போனான். “பின் பக்கம் எப்பிடி?” என்று கேட்டால் “பிரச்சினை இல்லை மிஸ்.” அவன் தேறிவிட்டான் என்று மற்றவர்கள் சந்தோசப்பட்டார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. பின் சக்கரங்களுக்கு இரண்டாவதாக ஒரு ஆளைத் தாருங்கள் என்று இங்கிலாந்தைக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடந்துபோய்க் கதைத்துப் பார்த்தேன். தகப்பனின் வள்ளத்தைப் பற்றிக் கதைத்தான், தங்கையின் படிப்பைப் பற்றிக் கதைத்தான். காரைப் பற்றிக் கேட்டதும் “எல்லாம் சரி மிஸ்” என்றான். அதற்கு மேல் என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கார் மறுபடியும் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஓடியது. ஐப்பசி முடியும் காலம், இங்கே மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது, அங்கே வெயில். கார் பன்னிரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விசேசமும் இல்லாத போட்டி. நேர்ப்பாதையின் முடிவில், காரின் முழு வேகத்தில், வலப்பக்கப் பின் சக்கரம் கழன்றது.

திரையில் என் முன்னால் இருந்த கோடுகள் எல்லாம் ஒன்றாகத் துள்ளி, பிறகு தட்டையாகின. அதற்குப் பிறகுதான் ரீவி காட்டியது. கார் தடுப்பில் முன்பக்கமாகப் புகுந்திருந்தது. ஒலித்தொடர்பில் அவர்கள் ஓட்டுநரைக் கூப்பிடுவது தர்சினிக்குக் கேட்டது. அவள் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், பதில் இல்லை என்று.

ரெஜி எழுந்து நின்றான். ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

“கண்டனான் மிஸ்” என்றான்.

“என்னத்தை?”

“வலப்பக்கத் தண்டு. கோடு திரும்பி வரேல்லை. முந்தின சுற்றிலையும் வரேல்லை. அதுக்கு முந்தினதிலையும் வரேல்லை.”

“ஏன் சொல்லேல்லை?”

“நிச்சயமில்லை மிஸ். போனமுறையும் இப்பிடித்தான் இருந்தது. அப்பவும் நிச்சயமில்லை. நிச்சயமெண்டால்தானே சொல்லச் சொன்னவை.”

“எனக்குச் சொல்லச் சொன்னனான் எல்லோ!”

“சொன்னா நீங்கள் அனுப்பியிருப்பீங்கள்” என்றான். “அனுப்பினா உங்களையும் வீட்டை அனுப்பியிருப்பினம்.”

தர்சினி காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “உயிர் இருக்காம்” என்றாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அன்றே இங்கிலாந்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் ஒருவர் கண்டார், உங்கள் விதியால் சொல்லாமல் இருந்தார், இந்த விதியை இன்றைக்கே எடுங்கள் என்றேன். விசாரணை நடந்தது. முடிவில் எங்களுக்கு வந்த பதில், மேசை விதிமுறைப்படி சரியாக நடந்துகொண்டது, எவர் மீதும் குறையில்லை என்பது. ரெஜிக்கு அதைக் காட்டினேன். வாசித்துவிட்டு, “நல்லது” என்றான். அடுத்த நாள் அவன் வேலைக்கு வரவில்லை. பிறகு ஒருநாளும் வரவில்லை.

ஓட்டுநருக்கு இரண்டு காலும் போனதுபோலத்தான். எத்தனையோ சத்திரசிகிச்சை. அவர் பிறகு கார் ஓட்டவில்லை. காரின் உடைந்த உடலை ஆய்வுக்கு வைத்திருந்து, பிறகு நொறுக்கிவிட்டார்கள். கடைசிப் போட்டிக்கு வேறு உடலில் வேறு ஒருவரை ஓடவிட்டார்கள். வருட முடிவில் அணி போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்றது. அந்த ஆறாம் இடத்துப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன்; அவை கிடைத்திருந்தாலும் அதே இடம்தான். அணியை விற்றார்கள். வாங்கியவர்கள் பெயரை மாற்றினார்கள். ‘பதினொண்டு’ ஓடிய ஒரு முழுச் சுற்றைக்கூட எந்த ரீவியும் காட்டியிருக்காது.

புது அணியின் ஒப்பந்தம் வந்தபோது, ரெஜியைக் கூப்பிடவென்று குருநகருக்குப் போனேன். வீட்டு முற்றத்தில் வள்ளத்து இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு உள்ளேயிருந்து கதிரை கொண்டுவந்து போட்டான். தாய் தேத்தண்ணி போடப் போனா.

“அவர் நடக்கிறாரோ மிஸ்?”

“கைத்தடியோடை நடக்கிறாராம்.”

தலையாட்டினான். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். புது அணி, புது ஆட்கள், உன்னைப்போல ஒரு கண் எனக்கு வேறை இல்லை என்றேன். அவன் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

“மிஸ், ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு நான் சொல்லி, நீங்கள் அனுப்பியிருந்தா, அவை நிப்பாட்டியிருப்பினமோ?”

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லவேண்டும்? நிப்பாட்டியிருக்கமாட்டார்கள் என்று சொன்னால் அவனுக்கு நித்திரை வரும். அது பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். பழையவரை அனுப்பிவிட்டு அவர் இடத்துக்குக் கொண்டுவந்த தலைமைப் பொறியியலாளரை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், திரையைப் பார்ப்பது மாதிரி. பொய் சொன்னால் கண்டுவிடுவான்.

“தெரியேல்லை, ரெஜி” என்றேன்.

“உதுவும் நிச்சயமில்லை, என்ன?” என்றான். சிரிக்கத் தெண்டித்தான். தாய் தேத்தண்ணி கொண்டுவந்தா. குடித்துவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் அவன் வெளிநாடு போய்விட்டதாகத் தர்சினி சொன்னாள். எந்த நாடு என்று அவளுக்கும் தெரியவில்லை.

பிள்ளைகளே, இதில் பாடம் என்னவென்று நீங்கள் என்னைக் கேட்டால், சொன்னவனுக்கு நடந்ததையும் சொல்லாமல் இருந்தவனுக்கு நடந்ததையும் உங்களுக்கு முன்னால் வைத்துவிட்டேன். இரண்டும் ஒரே பிள்ளைதான். புது அணியின் நிபந்தனைகளை நான் விலகுவதற்கு முன் முழுக்க வாசித்தேன். ‘உறுதி’ என்ற அந்த விதி அதிலும் இருக்கிறது, வேறு பெயரில். எடுக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லா அணியிலும் இதுதான் இப்போது வழக்கம் என்றார்கள்.

இருந்தாலும் சொல்லுங்கள். கேட்பார்கள் என்று நம்பிச் சொல்லவேண்டாம், அந்த நம்பிக்கையை உங்களுக்குத் தர என்னிடம் அது இல்லை. அந்தக் காருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். உங்களை அவருக்குத் தெரியாது, உங்கள் திரையில் என்ன தெரிகிறதென்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தர்சினி உங்களை வரிசையாகக் கேட்பாள். பின் சக்கரங்களுக்கு வரும்போது அவள் கொஞ்சம் கூடுதல் நேரம் பொறுத்திருப்பாள். ஏன் என்று அவளிடம் கேட்காதீர்கள்.